அமெரிக்காவில் பயன்பாட்டுத் தொடர்பியல் முதுகலை: பட்ட நிபந்தனைகளைக் கீழிருந்து மேலே படியுங்கள்

முதலில் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கோவையில் மூன்றாண்டு விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) முடித்தவர் நீங்கள். அமெரிக்க மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் பயன்பாட்டுத் தொடர்பியல் (அப்ளைட் கம்யூனிகேஷன்) முதுகலைக்கு நிபந்தனையுடன் இடம் கிடைத்திருக்கிறது. 33 கிரெடிட், ஜி.பி.ஏ. 3.0-க்குக் கீழே போகக்கூடாது. கடைசியில் ஆய்வேடு, புராஜெக்ட், காம்ப்ரிஹென்சிவ் தேர்வு இவற்றில் ஒன்று. ஆறு ஆண்டுக் காலவரம்பு. இவற்றோடு இரண்டு ஆயத்தப் பாடங்கள். ஓராண்டில் முடித்துவிடலாமா, மூன்றில் எது சுலபம், ‘பயன்பாட்டு’ என்று பெயர் இருப்பதால் புள்ளியியல் இருக்காதுதானே என்று கேட்டிருக்கிறீர்கள். அதுதான் சுலபம் என்று புராஜெக்டையே எடுக்கும்படி கன்சல்டன்சியில் சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள்.

இதுபோன்ற ஒரு துறையில் முதுகலை மாணவர்களுக்குப் பாடத்திட்டம் வகுத்துத் தருவது என் வேலைகளில் ஒன்று. இங்கே வந்து சேரும் நம் ஊர்ப் பிள்ளைகள் பெரும்பாலும் இந்தப் பட்டியலை மேலிருந்து கீழே படிக்கிறார்கள். முதலில் கிரெடிட்டை எண்ணுகிறார்கள், பிறகு பாடங்களைப் பார்க்கிறார்கள், ஆய்வேடா, புராஜெக்டா, தேர்வா என்ற கடைசி வரியை மூன்றாம் செமஸ்டரில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். நான் தலைகீழாகப் படிக்கச் சொல்வேன். எந்த ஆய்வுமுறைப் பாடம், எந்த விருப்பப் பாடம், யார் வழிகாட்டி, கோடை விடுமுறையில் ஊருக்குப் போகலாமா கூடாதா என்பது வரை எல்லாவற்றையும் அந்தக் கடைசி வரிதான் தீர்மானிக்கிறது.

இருந்தாலும் கிரெடிட் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். அமெரிக்காவில் ஒரு செமஸ்டர் ஏறக்குறைய 15 வாரம். ஒரு கிரெடிட் என்றால் வாரம் ஒரு மணி நேர வகுப்பும், வகுப்புக்கு வெளியே குறைந்தது இரண்டு மணி நேர உழைப்பும். இது மத்திய அரசின் விதிமுறையிலேயே இருக்கிற விளக்கம். ஒரு பாடம் பொதுவாக 3 கிரெடிட், ஆக வாரம் ஒன்பது மணி நேரம். மூன்று பாடம் எடுத்தால் 27 மணி நேரம். முதுகலையில் பெரும்பாலான இடங்களில் 9 கிரெடிட்டைத்தான் முழுநேரப் படிப்பு என்கிறார்கள். உங்கள் 33 கிரெடிட் பதினொரு பாடம்; 9, 9, 9, 6 என்று நான்கு செமஸ்டரில் முடியும். அமெரிக்க முதுகலைப் பட்டங்களுக்கு 30 கிரெடிட்தான் வழக்கமான அடிமட்டம், தொடர்பியல் துறைகள் 30-க்கும் 36-க்கும் நடுவில் எங்காவது நிற்கும். ஆகவே 33 என்பதில் விசேஷம் எதுவும் இல்லை.

விசேஷம் அந்த இரண்டு ஆயத்தப் பாடங்களில் இருக்கிறது. அமெரிக்க இளங்கலை நான்கு ஆண்டு; நம்முடையது மூன்று. பல பல்கலைக்கழகங்கள் பதினாறு ஆண்டுக் கல்வி கேட்கும். சில, கல்லூரிகளுக்குத் தரச்சான்று தரும் நாக் அமைப்பிடம் ‘ஏ’ தரம் பெற்ற கல்லூரியில் நல்ல வகுப்பில் தேறியிருந்தால் மூன்றாண்டுப் பட்டத்தையே சமமாக ஏற்கும். உங்களைச் சேர்த்துக்கொண்டவர்கள் நடுவழியைப் பிடித்திருக்கிறார்கள்: வா, ஆனால் இளங்கலை மட்டத்தில் இரண்டு பாடத்தை முடித்துவிடு. இந்த ஆறு கிரெடிட் பொதுவாக 33-இல் சேராது. கட்டணம் மட்டும் சேரும். உங்கள் உண்மையான எண் 39 என்று வைத்துக்கொண்டு கடன் கணக்குப் போடுங்கள். கன்சல்டன்சியில் இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். கல்லூரிப் பாடத்திட்டத்தைப் பாடவாரியாக, வாரவாரியாக இருக்கும் வடிவில் துறைக்கு அனுப்பி, ‘மக்கள் தொடர்பு ஆராய்ச்சி’ போன்ற தாளை நீங்கள் ஏற்கெனவே படித்திருப்பதைக் காட்டினால் ஒன்றையாவது தள்ளுபடி செய்ய வாய்ப்பு உண்டு. கேட்காதவர்களுக்கு யாரும் தள்ளுபடி தருவதில்லை.

ஓராண்டில் முடிக்கலாமா? காகிதத்தில் முடியும். இரண்டு செமஸ்டருக்கு 12, கோடையில் 9. ஆனால் சிறிய துறைகளில் கட்டாயப் பாடங்கள் ஆண்டுக்கு ஒருமுறைதான் நடக்கும். கோட்பாட்டுப் பாடம் ஆகஸ்டில் தொடங்கும் செமஸ்டரில், அளவுசார் (எண்களைக் கொண்டு அளக்கும்) ஆய்வுமுறை ஜனவரியில் என்று வைத்திருப்பார்கள். கோடையில் பேராசிரியர்களில் பலருக்குச் சம்பளமே கிடையாது, ஆய்வேட்டுக் குழுவில் உட்கார ஆள் கிடைக்காது. துறையில் வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் அசிஸ்டன்ட்ஷிப் கிடைத்தாலோ ஓராண்டுப் பேச்சுக்கே இடமில்லை. வாரம் 20 மணி நேர வேலை, அதோடு 9 கிரெடிட்டுக்கு 27 மணி நேரம், மொத்தம் 47. 12 கிரெடிட் எடுத்தால் 56. தூங்கவும் சமைக்கவும் பஸ்ஸுக்காகப் பனியில் நிற்கவும் மிச்சமிருக்கும் நேரத்தை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

அசிஸ்டன்ட்ஷிப் என்ற சொல் வந்துவிட்டதால் இதையும் சொல்லவேண்டும். உங்கள் நிபந்தனைப் பட்டியலில் இது இருக்காது, ஆனால் பலருக்குப் பட்டத்தின் பாதி இதுதான். தொடர்பியல் துறையின் அசிஸ்டன்ட்ஷிப் என்றால் பெரும்பாலும் முதலாண்டு இளங்கலை மாணவர்களுக்கு மேடைப்பேச்சுப் பாடம் எடுப்பது. ஏன் மேடைப்பேச்சு என்று நம்மவர்கள் வியப்பார்கள். இந்தத் துறையே அங்கிருந்து பிறந்ததுதான். 1914-இல் பதினேழு பேச்சுக்கலை ஆசிரியர்கள், ஆங்கில ஆசிரியர்களின் அமைப்பிலிருந்து பிரிந்து தனிச் சங்கம் தொடங்கினார்கள். இன்று தேசியத் தொடர்பியல் சங்கம் என்ற பெயரில் இயங்குவது அதுதான். தமிழ்நாட்டில் விஸ்காம் என்றால் கேமராவும் விளம்பரமும் நினைவுக்கு வரும்; அமெரிக்கத் தொடர்பியல் துறைகள் பலவற்றின் வேரில் நிற்பது மைக் முன்னால் நிற்கும் மனிதன். பட்டிமன்றம் கேட்டு வளர்ந்த நாம் இதில் அந்நியப்பட வேண்டிய அவசியமில்லை.

பதினெட்டு வயதுப் பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து ஆறு நிமிடம் பேசுவார்கள். அளவுகோல் அட்டவணையை வைத்துக்கொண்டு ஒவ்வொருவருக்கும் மதிப்பெண்ணும் எழுத்தில் கருத்தும் தரவேண்டும். உங்கள் ஆங்கில உச்சரிப்பைப் பற்றி ஒன்றிரண்டு பேர் செமஸ்டர் முடிவில் குறை எழுதுவார்கள். எல்லாருக்கும் நேர்வது, துறைக்கும் தெரியும். சேரும்போது கேட்கும் டோஃபெல் மதிப்பெண் வேறு, வகுப்பெடுக்கக் கேட்கும் பேச்சுப் பிரிவு மதிப்பெண் வேறு என்பதை மட்டும் முன்கூட்டியே விசாரியுங்கள். முன்னது இருந்து பின்னது இல்லாததால் அசிஸ்டன்ட்ஷிப் கைநழுவியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இனிப் புள்ளியியல். இருக்கிறது. பெரும்பாலும் தப்பிக்க வழியில்லை. பயன்பாட்டுத் தொடர்பியல் என்றால் கோட்பாட்டைக் கழித்துவிட்ட தொடர்பியல் என்று ஒரு எண்ணம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. இத்துறையின் ஆய்விதழ் 1973-இல் தொடங்கியது. அன்றுமுதல் அது கேட்பது ஒன்றுதான்: நிஜமான சிக்கலில் கோட்பாடு என்ன செய்கிறது? அதனால் எந்தப் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொண்டாலும் கோட்பாடு ஒன்று, அளவுசார் ஆய்வுமுறை ஒன்று, பண்புசார் (நேர்காணல் போன்ற) ஆய்வுமுறை ஒன்று என்ற மூன்று தூண்களை ஏதோ ஒரு வடிவில் பார்ப்பீர்கள். சில இடங்களில் இரண்டு ஆய்வுமுறைகளில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள விடுவார்கள்.

இது ஏன் தேவை என்பதற்கு நம் நாட்டு உதாரணமே இருக்கிறது. 1984-85-இல் தூர்தர்ஷனில் ‘ஹம் லோக்’ தொடர் வந்தது. குடும்பக் கட்டுப்பாடு, பெண்களின் நிலை ஆகியவற்றில் மக்கள் மனத்தை மாற்றவேண்டும் என்று திட்டமிட்டே எழுதப்பட்ட தொடர். எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு போகும் தாய் பாகவந்தி, இப்படி இருக்கக்கூடாது என்பதற்காகப் படைக்கப்பட்ட பாத்திரம். தொடர்பியல் ஆய்வாளர்கள் எவரெட் ரோஜர்ஸும் அர்விந்த் சிங்காலும் பார்வையாளர்களிடம் ஆய்வு நடத்தியபோது, கணிசமானவர்கள் அந்தத் தாயைத்தான் பின்பற்றத்தக்கவளாக எடுத்துக்கொண்டிருந்தார்கள் என்று தெரிந்தது. எழுதியவர் நினைத்தது ஒன்று, பார்த்தவர் எடுத்துக்கொண்டது வேறொன்று. இந்த இடைவெளியை ஊகத்தால் அளக்க முடியாது. கருத்துக்கணிப்பும் நேர்காணலும் கடிதங்களின் உள்ளடக்கப் பகுப்பாய்வும் வேண்டும். ஒரு மருத்துவமனையின் தடுப்பூசிப் பிரசாரத்துக்கோ ஒரு நிறுவனத்தின் நெருக்கடி அறிக்கைக்கோ நாளை நீங்கள் பொறுப்பேற்கும்போது, ‘இது வேலை செய்ததா?’ என்று கேட்பார்கள். பதில் சொல்லத்தான் இந்தப் பாடம்.

பயப்படும் அளவுக்குக் கணிதம் கிடையாது. சராசரி, திட்டவிலக்கம், டி-சோதனை, கை-வர்க்கச் (கை-ஸ்கொயர்) சோதனை, கொஞ்சம் தொடர்புப் போக்கு (ரிக்ரஷன்). கணக்கைச் செய்வது எஸ்.பி.எஸ்.எஸ். அல்லது ஆர் மென்பொருள். கேள்வியை ஒழுங்காக அமைப்பதும், வந்த எண்ணைத் தவறாகப் பொருள்கொள்ளாமல் இருப்பதும்தான் உங்கள் வேலை. பிளஸ் டூவில் கணிதம் எடுக்காதவர்கள் நன்றாகவே செய்கிறார்கள். பண்புசார் ஆய்வுமுறைதான் சுலபம் என்று அந்தப் பக்கம் ஓடுகிறவர்கள், ஒரு மணி நேர நேர்காணலை எழுத்தில் இறக்க நான்கைந்து மணி நேரம் ஆகும்போது முகம் வாடுகிறார்கள்.

இப்போது கடைசி வரிக்கு வருவோம். ஆய்வேடு என்றால் பெரும்பாலும் 6 கிரெடிட். ஒரு வழிகாட்டி, கூட இரண்டு பேராசிரியர் கொண்ட குழு. முதலில் ஆய்வுத் திட்டத்தை எழுதி அந்தக் குழுவின் முன் ஒப்புதல் பெறவேண்டும். அதன்பிறகுதான் தரவு திரட்டல். எழுதி முடித்ததும் வாய்மொழித் தேர்வு. நம் ஊர் வைவாவைப் போலத் தேநீரும் வாழ்த்துமாக முடிந்துவிடாது, ‘மூன்றாம் அத்தியாயத்தைத் திருத்திக் கொண்டு வாருங்கள்’ என்று அனுப்புவது சாதாரணம். பிறகு பல்கலைக்கழகத்தின் பட்டமேற்படிப்பு அலுவலகம் விளிம்பு, எழுத்தளவு, மேற்கோள் முறை என்று பார்த்துத் திருப்பி அனுப்பும். பிஎச்.டி. எண்ணம் சிறிதளவாவது இருந்தால் இதைத்தான் எடுக்கவேண்டும்.

புராஜெக்ட் என்பது ஒரு நிஜ அமைப்புக்காகச் செய்வது. ஒரு தொண்டு நிறுவனத்தின் ஓராண்டுப் பிரசாரத் திட்டம், ஒரு நகராட்சியின் வெள்ள எச்சரிக்கைச் செய்திகளைப் பற்றிய மதிப்பீடு, ஒரு மருத்துவமனைச் செவிலியர்களுக்கான பயிற்சிக் கையேடு இப்படி. பொருளைத் தயாரித்தால் மட்டும் போதாது. எந்தக் கோட்பாட்டின் மேல் இதை அமைத்தோம், ஏன் இந்த முடிவுகளை எடுத்தோம் என்று கணிசமான பக்கங்களில் விளக்கவேண்டும். விஸ்காமில் குறும்படம் எடுத்து ஒப்படைத்த பழக்கத்தில் இதையும் நினைத்தால் சிக்கல். இன்னொன்றும் உண்டு. அமைப்பு உங்கள் கட்டுப்பாட்டில் இல்லை. தொடர்பு அதிகாரி வேலையை விட்டுப் போய்விட்டால், புதிதாக வருபவருக்கு உங்கள் புராஜெக்டைப் பற்றி எதுவும் தெரியாது, செமஸ்டர் கரைந்துவிடும். எடுப்பதானால் அமைப்பிடம் யார் எதை எப்போது தருவார்கள் என்று ஒரு பக்கக் கடிதமாவது கையெழுத்துடன் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

காம்ப்ரிஹென்சிவ் தேர்வை எடுப்பவர்கள் ஆய்வேட்டின் 6 கிரெடிட்டுக்குப் பதில் இன்னும் இரண்டு பாடம் படிப்பார்கள். பிறகு கோட்பாடு, ஆய்வுமுறை, தங்கள் சிறப்புப் பிரிவு என்று கேள்விகள் வரும். சில மணி நேரம் உட்கார்ந்து எழுதுவதோ, சில நாள் அவகாசத்தில் வீட்டிலிருந்து எழுதுவதோ துறைக்குத் துறை மாறும். தோற்றால் பெரும்பாலும் ஒரே ஒரு மறுவாய்ப்பு. தேர்வெழுதியே வளர்ந்த நமக்கு இது கைவந்த கலை என்று தோன்றும். ஆனால் கேட்கப்படும் கேள்வி வேறு மாதிரி: 1982-இல் சிகாகோ பகுதியில் டைலனால் என்ற வலிநிவாரணி மாத்திரையில் யாரோ சயனைடு கலந்து ஏழு பேர் இறந்தார்கள், நிறுவனம் நாடு முழுவதும் பாட்டில்களைத் திரும்பப் பெற்றது. இதைத் திமோத்தி கூம்ப்ஸின் நெருக்கடித் தொடர்புக் கோட்பாட்டாலும் வில்லியம் பெனாய்ட்டின் பிம்பச் சீரமைப்புக் கோட்பாட்டாலும் விளக்கி, எது எங்கே போதாமல் போகிறது என்று வாதிடுங்கள் என்பார்கள். மனப்பாடம் முதல் பத்தியோடு தீர்ந்துவிடும்.

எது சுலபம் என்று இன்னும் கேட்டால், ஆர்வம் எதில் இருக்கிறதோ அது. வேலைதான் நோக்கம் என்றால், புராஜெக்டை எடுக்கும்படி சொன்ன கன்சல்டன்சியின் முடிவோடு நானும் ஒத்துப்போகிறேன், அவர்கள் சொன்ன காரணத்துக்காக அல்ல. நேர்முகத்தில் எடுத்துக் காட்ட ஒரு பொருள் உங்கள் கையில் இருக்கும் என்பதற்காக.

ஆய்வேடோ புராஜெக்டோ, மனிதர்களிடம் தரவு திரட்டி அதை ஆய்வு முடிவாக வெளியிடப் போகிறீர்கள் என்றால் ஐ.ஆர்.பி. என்னும் நெறிக்குழுவின் ஒப்புதல் வேண்டும். பட்டியலில் ஒரே வரியாக இருக்கும் இதுதான் அதிகம் பேரைத் தாமதப்படுத்துகிறது. அலபாமா மாநிலத்தின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, சிபிலிஸ் நோயுற்ற கறுப்பின ஆண்களுக்குச் சிகிச்சை தராமல் நோயின் போக்கை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை. அது வெளியே வந்து நாடு கொதித்த பிறகு 1974-இல் சட்டம் வந்தது, 1979-இல் பெல்மாண்ட் அறிக்கை வந்தது. அந்தக் கொடுமையின் நிழலில்தான், ‘நீங்கள் எந்தச் செய்தித்தாள் படிக்கிறீர்கள்?’ என்று கேட்கும் உங்கள் வினாத்தாளும் நெறிக்குழுவுக்குப் போகிறது. ஆபத்தற்ற ஆய்வுகளுக்கு முழுக்குழு விசாரணை இராது. ஆனால் விலக்கு உண்டு என்பதையும் நீங்களே முடிவு செய்துகொள்ள முடியாது, அவர்கள்தான் சொல்லவேண்டும்.

நம் மாணவர்கள் இதில் எங்கே மாட்டுகிறார்கள் என்றால், கோடை விடுமுறையில் ஊருக்குப் போய் பொள்ளாச்சியிலோ திருப்பூரிலோ நேர்காணல் எடுத்துக்கொண்டு வந்துவிடலாம் என்று திட்டமிடுவார்கள். நல்ல யோசனைதான். ஆனால் ஒப்புதல் தேதிக்கு முன் திரட்டிய தரவைப் பயன்படுத்த முடியாது. தகவலறிந்த ஒப்புதல் படிவத்தின் தமிழாக்கமும் குழுவிடம் போகவேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடம் வாய்மொழி ஒப்புதல் வாங்குவது எப்படி என்றும் எழுதிக் கொடுக்கவேண்டும். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்கள் இருந்தால் பெற்றோர் அனுமதியும் சேரும். மே மாதம் விமானம் ஏறுவதானால் பிப்ரவரியிலேயே விண்ணப்பம் உள்ளே இருக்கவேண்டும்.

ஜி.பி.ஏ. 3.0 என்பது சராசரியாக ‘பி’. நம் ஊரில் பாஸ் மார்க்குக்கு மேல் எது வந்தாலும் பட்டம் உண்டு. அரியர் வைத்துப் பிறகு எழுதலாம். இங்கே அரியர் கிடையாது. தோற்ற பாடத்தை முழுக் கட்டணம் கட்டி, முழு செமஸ்டர் உட்கார்ந்து மறுபடி படிக்கவேண்டும். ஒரு ‘சி’ வாங்கினால் அதை ஈடுகட்ட அதே அளவு கிரெடிட்டில் ஒரு ‘ஏ’ வேண்டும். 3.0-க்குக் கீழே போனால் எச்சரிக்கை நிலை. அடுத்த செமஸ்டரிலும் ஏறாவிட்டால் வெளியேற்றம் வரை போகும், அசிஸ்டன்ட்ஷிப் அதற்கு முன்பே போய்விடும். ஒரு பாடம் முதல் மூன்று வாரத்திலேயே கைமீறுவது தெரிந்தால் பேராசிரியரின் அலுவலக நேரத்தில் போய் உட்காருங்கள். தொந்தரவாக நினைக்கமாட்டார்கள், அந்த நேரம் அதற்காகவே ஒதுக்கப்பட்டது. மேற்கோள் குறியில்லாமல் பிறர் எழுத்தை ஒட்டுவது இங்கே ஒழுங்கு நடவடிக்கைக்குரிய குற்றம், ஏ.பி.ஏ. மேற்கோள் முறையை விமானம் ஏறுமுன் பழகிக்கொள்ளலாம். அப்பா துறைத் தலைவருக்குப் போன் போட்டு மார்க் கேட்டால் சொல்லமாட்டார்கள், அதற்குச் சட்டமே இருக்கிறது. நல்லதோ கெட்டதோ, உங்கள் பொறுப்பு.

விசா பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பட்ட நிபந்தனையோடு பின்னிக்கிடப்பதால் சொல்கிறேன். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர் ஒவ்வொரு செமஸ்டரும் முழுநேரம் படிக்கவேண்டும். அந்தக் கணக்கில் ஆன்லைன் பாடம் ஒன்றுதான் சேரும். ஒரு பாடத்தைக் கைவிட்டு 9-க்குக் கீழே போவதானால் சர்வதேச மாணவர் அலுவலகத்தின் முன் அனுமதி வேண்டும். ஒரு முழுக் கல்வியாண்டு முடிந்த பிறகு, பாடத்திட்டத்தின் பகுதியாக இன்டர்ன்ஷிப் போக சி.பி.டி. அனுமதி கிடைக்கும். பட்டத்துக்குப் பிறகு துறை சார்ந்த வேலை பார்க்க ஓ.பி.டி. அனுமதி ஓராண்டு. அறிவியல், தொழில்நுட்பப் பட்டியலில் உள்ள பாடப்பிரிவு என்றால் மேலும் 24 மாதம். பொதுவான தொடர்பியல் பட்டம் அந்தப் பட்டியலில் இல்லை. டிஜிட்டல் தொடர்பியலும் மல்டிமீடியாவும் என்ற பிரிவு, 09.0702 என்ற குறியீட்டுடன், இருக்கிறது. விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்தில் பாடப்பிரிவுக் குறியீடு அச்சாகியிருக்கும். ஒரே கட்டடத்தில், ஒரே பேராசிரியரிடம் படித்த இரண்டு பேரில் ஒருவர் மூன்றாண்டு வேலை பார்க்கவும் மற்றவர் ஓராண்டில் பெட்டி கட்டவும் இந்த ஆறு இலக்கம் காரணமாகிவிடுகிறது. விசா விதிகள் அடிக்கடி மாறுபவை. சேரும்போது நடப்பிலிருப்பதைச் சர்வதேச மாணவர் அலுவலகத்திடமே உறுதி செய்துகொள்ளுங்கள்.

முன்பணம் கட்டுவதற்கு முன் துறையின் முதுகலை ஒருங்கிணைப்பாளருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். ஆயத்தப் பாடம் இரண்டும் 33-இல் சேருமா, தள்ளுபடிக்கு யாரிடம் விண்ணப்பிப்பது. கட்டாயப் பாடங்கள் எந்தெந்த செமஸ்டரில் நடக்கின்றன. புராஜெக்டிலிருந்து ஆய்வேட்டுக்கோ, அங்கிருந்து இங்கோ மாறுவதற்குக் கடைசித் தேதி எது. கடந்த இரண்டு ஆண்டில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் எதை எடுத்தார்கள், எத்தனை செமஸ்டரில் முடித்தார்கள். பாடப்பிரிவுக் குறியீடு என்ன. நீங்கள் சேரும் ஆண்டின் கேட்டலாகில் (பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டக் கையேட்டில்) இருக்கும் நிபந்தனைகள்தான் பொதுவாக உங்களைக் கட்டுப்படுத்தும். பின்னால் துறை 33-ஐ 36 ஆக்கினாலும் பழைய கணக்கில் முடித்துக்கொள்ளலாம். அதனால் அந்தப் பக்கங்களைத் தேதியோடு சேமித்து வையுங்கள். ஒருங்கிணைப்பாளர் ஒரு வாரத்துக்குள் விவரமாகப் பதில் எழுதினால், அங்கே போகும் முன்பே துறையைப் பற்றி ஒரு நல்ல செய்தி கிடைத்துவிட்டது. ‘எல்லாம் இணையதளத்தில் இருக்கிறது’ என்று மட்டும் பதில் வந்தால், வேறு பல்கலைக்கழகத்தின் சேர்க்கைக் கடிதம் கையில் இருந்தால் அதையும் எடுத்து வைத்துக்கொண்டு, அதே கேள்விகளை அவர்களுக்கும் அனுப்புங்கள்.